விரலைப் பிடிக்காத பெட்டி

உறைந்த பெட்டியின் மேல் ஈர விரலை வைத்தால் அது விரலைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் இழுத்துத்தான் எடுக்க வேண்டும். எங்கள் அப்பா கருவிகளை நம்பியவர் இல்லை. கன்டெய்னருக்குள் இறால் பெட்டிகளை அடுக்கி முடித்ததும், ஒரு டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்துக் கடைசி வரிசைப் பெட்டி ஒன்றைத் தொடுவார். விரலைப் பிடித்தால் கதவை மூடித் தன் கையாலேயே சீல் போடுவார். வீட்டில் மூத்தவன் கை படாமல் எங்கள் சரக்கு கப்பல் ஏறாது. ஒருமுறை மூடிய கதவை மறுபடி திறக்கவும் கூடாது. அவருக்குப் பின் முப்பத்தோரு வருஷம் அந்தக் கை என்னுடையது.

இதற்கு முன் எங்கள் சரக்கு திரும்பி வந்ததே இல்லை. அதை நான் எந்தச் சபையிலும் தலை நிமிர்ந்து சொல்லியிருக்கிறேன்.

சென்ற மாதம் வந்த தகவல் அந்தத் தலையைக் குனிய வைத்தது. இருபத்தாறு வருஷமாக எங்களிடம் மட்டுமே வாங்கும் கடல் கடந்த நிறுவனம் படங்களை அனுப்பியிருந்தது. கடைசி ஐந்து வரிசைகளில் பெட்டிகள் நசுங்கிக் கிடந்தன. உள்ளே இறால் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகியிருந்தது. உருகி வடிந்த நீர் பெட்டியின் மூலையில் கட்டியாக உறைந்திருந்தது. இளகி மறுபடி உறைந்த சரக்கு. முழுவதையும் அழிக்கப்போவதாக எழுதியிருந்தார்கள். இதற்குப் பொறுப்பானவர் யார் என்றும் கேட்டிருந்தார்கள்.

குளிர் அறையும் ஏற்றுமதியும் என் தம்பியின் பொறுப்பு. அவன் நின்றிருந்த இறால் உரிக்கும் கூடத்துக்கு நான் நேராகப் போனேன். நாற்பது பெண்கள் கையுறையோடு நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அப்பா பேரைக் கொண்டுபோய்க் கடல்ல கொட்டிட்டியேடா" என்றேன். "ஒரு குளிர் அறைக் கதவை ஒழுங்கா மூடத் தெரியாதவனுக்கு எதுக்கு இந்தச் சாவி?"

தம்பிக்கு ஐம்பத்தெட்டு வயது. என்னை ஒரு கணம் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அந்தப் பெண்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். இடுப்பிலிருந்து குளிர் அறைச் சாவியைக் கழற்றி எடைத் தராசின் தட்டில் வைத்தான்.

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு அவன் வரவில்லை.

எட்டு நாள் கழித்துக் கம்பளி என் அறைக்கு வந்தான். குளிர் அறை மேற்பார்வையாளன். வெயில் கொளுத்தினாலும் கம்பளிச் சட்டையைக் கழற்ற மாட்டான். தன் கல்யாணத்துக்கே அதோடுதான் வந்தான் என்று கேலி செய்வார்கள். அவன் கையில் ஒரு தாள் இருந்தது. கன்டெய்னரின் கடைசி வரிசையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைப்போம். வழி முழுக்க எத்தனை டிகிரி என்று அது குறித்துக்கொண்டே போகும். அதில் பதிவானதை வாங்கியவர்கள் வரைபடமாக அனுப்பியிருந்தார்கள்.

"ஐயா, கப்பல்ல ஒண்ணும் ஆகலீங்க. துறைமுகத்துலயும் ஆகல."

"அப்ப எங்கதான்டா ஆச்சு?"

கோட்டின் தொடக்கத்தில் விரலை வைத்தான். "நம்ம வாசல்லதாங்க. பத்து மணிக்குச் சூடு ஏற ஆரம்பிக்குது. பன்னண்டே முக்காலுக்குத்தான் இறங்குது."

"அவ்வளவு நேரம் கதவைத் திறந்து போட்டுட்டு என்ன கழட்டிக்கிட்டு இருந்தீங்க?"

கம்பளி தரையைப் பார்த்தான். "உங்களுக்காகத்தாங்க நின்னோம்."

அவனைப் போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்தக் காலையில் நான் எங்கே இருந்தேன் என்று யோசிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வீட்டில் இருந்தேன். தொழிற்சாலைக்கு நடந்தால் பத்து நிமிஷம். சலவைச் சட்டை போட்டு, செருப்புக்கூட மாட்டிக்கொண்டு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் சரக்கைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் என்னிடம் கேட்ட கேள்விக்குத் தம்பி முந்திக்கொண்டு பதில் சொன்னான். அது எனக்குள் முள்ளாகக் கிடந்தது. ஏற்றி முடித்ததும் வழக்கமாக அவனே வந்து அழைப்பான். அன்று டிரைவர் வந்தான்.

"சின்னவர் உங்களை வரச் சொன்னாருங்க."

"யாரை யாரு வரச் சொல்றது? அவனை வரச் சொல்லு."

டிரைவர் போனான், வந்தான், மறுபடி போனான். மூன்றாவது முறை, "எனக்குப் பெட்ரோல் போட்டே கட்டுப்படியாகாதுங்க" என்று முணுமுணுத்தான். என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பத்து வயசுப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே, போங்களேன்" என்றாள். நான் அசையவில்லை.

பன்னிரண்டரைக்குத் தம்பியே வந்தான். சட்டைக் கை நனைந்திருந்தது, மூச்சு வாங்கியது. "தப்புதாண்ணே. வாங்க" என்றான். எழுந்தேன். அவனுக்கு இரண்டடி முன்னால் நடந்தேன்.

கதவு விரியத் திறந்திருந்தது. தண்ணீரில் விரலை நனைத்துப் பெட்டியைத் தொட்டேன். விரல் வழுக்கிக்கொண்டு போனது. ஆம், வழுக்கியது; இப்போது எழுதும்போதும் அந்த ஈரம் விரலில் இருக்கிறது. தம்பி என்னை நேரில் வந்து அழைத்துப்போனதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதில்தான் என் கவனம் இருந்தது. விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு சீல் போட்டேன்.

கம்பளி தாளைக் காட்டிய மறுநாள், வாங்கியவர்களுக்கு நானே கடிதம் எழுதினேன். தவறு என் தம்பியுடையது அல்ல, எனக்காகக் கதவு இரண்டே முக்கால் மணி நேரம் திறந்திருந்தது, பெட்டி இளகியதை என் விரல் சொல்லியும் நான் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இரண்டு வரியில் பதில் வந்தது. உண்மைக்கு நன்றி. இனி வேறிடத்தில் வாங்கிக்கொள்கிறோம்.

நேற்று வேறொரு சின்னச் சரக்கு ஏறியது. தம்பி இல்லாமல் அடுக்கிய முதல் சரக்கு. கடைசி வரிசை ஏறும் நேரத்தில் டிரைவர் கேட்டான்: "சின்னவரைக் கூட்டிட்டு வரட்டுங்களா?"

"வேண்டாம். நானே போறேன்."

தம்பி வீட்டுக்கு அழைப்பில்லாமல் நான் போனதே இல்லை. அவன் மனைவி கதவைத் திறந்து, "வாங்க மாமா" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. தம்பி தரையில் உட்கார்ந்து மேசை மின்விசிறியைக் கழற்றிப் போட்டிருந்தான். திருகாணிகள் ஒரு மூடியில் கிடந்தன. எழுந்து நின்றான். நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

"கிளம்பு. சரக்கு நிக்குது."

அவன் கையிலிருந்த திருகாணியை மூடியில் போட்டான்.

"லெட்டர் எழுதிட்டேன். என் பேர்லதான்."

"கம்பளி சொன்னான். எதுக்குண்ணே எழுதினீங்க? பழி என்னோட போயிருக்கும்."

"அன்னைக்கே நீ சொல்லியிருக்கலாமே."

"எங்க சொல்றது? அத்தனை பொம்பளைங்க முன்னாடி, எங்கண்ணன் நாற்காலியில உட்கார்ந்துட்டாருன்னா?" சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "நீங்க திட்டினது பெரிசில்லண்ணே. என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்கல பாருங்க."

மன்னிப்பு என்ற சொல்தான் அப்போது சொல்ல வேண்டியது. நான் அதை யாரிடமும் சொல்லிப் பழகியவன் இல்லை.

"வாடா" என்று மட்டும் சொன்னேன்.

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "கதவு திறந்தா இருக்கு?"

"திறந்துதான் இருக்கு."

"எவ்வளவு நேரமா?"

"இருபது நிமிஷம் இருக்கும்."

"போங்கண்ணே. போய் மூடுங்க. எனக்காக நிறுத்தாதீங்க."

மறுபடி தரையில் உட்கார்ந்து திருகாணியைத் தேடினான். அவன் மனைவி காபியோடு வந்தபோது நான் வாசலைத் தாண்டிவிட்டேன்.

கன்டெய்னருக்கு முன்னால் எல்லோரும் காத்திருந்தார்கள். கம்பளி டம்ளரை நீட்டினான். "சின்னவர் வரலீங்களா?"

நான் விரலை நனைத்துப் பெட்டியில் வைத்தேன். பிடித்தது. இழுத்து எடுத்தேன்.

"மூடு" என்றேன். "இனிமே அடுக்கி முடிச்சதும் நீயே தொட்டுப் பாரு, நீயே மூடு, நீயே சீல் போடு. எனக்காக நிக்க வேண்டாம்."

அவன் தயங்கினான். பிறகு கதவின் கம்பியைப் பிடித்துத் தள்ளினான். ரப்பர் விளிம்பு ஒட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. உரிக்கும் கூடத்துக்குப் போனேன். தட்டிலிருந்து யாரோ எடுத்து வைத்த தம்பியின் சாவி தராசின் ஓரத்தில் அப்படியே கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.