பெயரும் ஊரும் எழுதியோர் கருத்து

விழுப்புரத்திலிருந்து பேருந்தேறித் திண்டிவனத்தில் இறங்கிய வேணி, புறவழிச்சாலையோரத் திருமண மண்டபத்தின் அலுவலறையுள் நுழைந்தபொழுது, உரிமையாளர் சீனுவாசன் அவளை உட்காரச் சொல்லவில்லை. அம்மண்டபத்திற்கு இணையதளம் அமைத்துக் கொடுத்தவள் அவள். தேதிகளைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யாமல் வெளியேறுவோரிடம், ‘ஏன் பதிவு செய்யவில்லை?’ என வினவும் கருத்துப் பெட்டியை அத்தளத்தினுள் பொருத்தியவளும் அவளே.

அன்று அவளுக்கு வேறொரு காரியமும் இருந்தது. தம்பி அலெக்ஸுக்குச் செப்டம்பர் பதினொன்றாம் நாள் மாதா கோயிலில் திருமணம். விருந்துக்கு மண்டபம் வேண்டும். முகூர்த்தமற்ற நாளாகையால் தளத்தில் அத்தேதி பச்சை நிறத்தில் காலியாகக் கிடந்தது. ஆயினும், முந்தின நாள் அலெக்ஸ் தொலைபேசியில் கேட்டபொழுது மேலாளர் துரைக்கண்ணு, “எந்த ஊரு?” என்றார். பிரம்மதேசம் என்றதும், “ஊர்லயா, காலனியா?” என்றார். விடையைக் கேட்டபின், அன்றைக்கு வேறு ஆள் வந்துவிட்டதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். அவன் வேணியின் தம்பி என்பதை அவர் அறியார்.

“இன்னாம்மா இது? மண்டபம் காத்தாடிக்கினு கீது, ஏன்னு கேளுன்னா, எவன் எவனோ வந்து திட்டிட்டுப் போறான்!” சீனுவாசன் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

‘சமையற்கட்டில் தண்ணீர் வரவில்லை.’ ‘பச்சை காட்டுகிறது. தெருவின் பெயரைச் சொன்னதும் நிரம்பிவிடுகிறது.’ ‘காலனியா என்று போனில் கேட்பதைவிட வாசலிலேயே பலகை வைத்துவிடுங்கள்.’

இவற்றை எழுதிய ஒருவரும் பெயரிட்டிருக்கவில்லை. பெயரும் ஊரும் உள்ள கருத்துகள் மட்டும் உடனுக்குடன் முகப்பில் ஓடவேண்டும் என்பது, தளம் தொடங்கிய நாளில் சீனுவாசன் இட்ட கட்டளை. தம் சம்பந்திகளும் மைத்துனர்களும் எழுதும் புகழுரைகளை ஊரார் காணவேண்டும் என்பதே அவர் எண்ணம். அவை ஓடிக்கொண்டிருந்தன, ஏனையவை உள்ளே கிடந்தன.

“பேர் போட தைரியம் இல்லாதவன் எழுதினத நா மதிக்கணுமா?”

“எழுதினது உண்மையா இல்லியா சார்?”

துரைக்கண்ணு குறுக்கிட்டார். “உன்னப் பொட்டி வெக்கத்தான் கூப்ட்டோம், பஞ்சாயத்துக்கு இல்ல. இதயெல்லாம் ஜல்தியா தூக்கு. தேதி காட்டறதுக்கு முன்னாடியே ஊரு, தெரு ரெண்டையும் கேக்கற மாதிரி வெச்சுடு. போன்ல கேட்டுக் கேட்டு எனக்குத்தான் பேஜாரு.”

“தெரு எதுக்கு மேனேஜர்? பத்திரிகை அனுப்பவா?”

“வாய் ரொம்ப நீளுதே!”

“செப்டம்பர் பதினொன்னு யாருக்குக் குடுத்தீங்க?”

“அன்னிக்கு இன்னா? முகூர்த்தமா அது? சும்மாதான் கீது.”

“நேத்து போன் பண்ணவன் என் தம்பி.”

துரைக்கண்ணு உரிமையாளரைப் பார்த்தார். சீனுவாசன் வேணியை மேலும் கீழும் நோக்கினார்.

“ஓ, நீ அங்கியா! இத்தினி நாளா என் எதிர்ல நின்னு டீ குடிச்சியேம்மா.”

“டம்ளரத் தூக்கிப் போட்டுடுங்க சார்.”

“மண்டபம் என்னுது. யாருக்குக் குடுக்கணும்னு எனக்குத் தெரியும். சொன்ன வேலைய முடிச்சிட்டுக் கெளம்பு.”

வேணி தன் கைப்பேசியில் தளத்தைத் திறந்தாள். பச்சைத் தேதியைத் தொட்டாள், பதியாமல் வெளியேறினாள். பெட்டி அவளையும் வினவிற்று. நின்றவாறே எழுதினாள்.

“இன்னா நோண்டிக்கினு கீற?”

“பேர் போட்டு எழுதச் சொன்னீங்களே.”

சீனுவாசன் தம் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். ‘அருமையான மண்டபம்’ என்ற சம்பந்தியின் பாராட்டுக்கு அடுத்து அது ஓடிற்று: ‘வேணி, பிரம்மதேசம் காலனி. செப்டம்பர் பதினொன்று காலியாக இருந்தும், தெருவைக் கேட்டறிந்தபின் என் தம்பிக்கு மண்டபம் தர மறுத்தார்கள். இத்தளத்தை அமைத்தவள் நான்.’

அதனை நீக்கும் கடவுச்சொல் வேணியிடம் மட்டுமே இருந்தது. சீனுவாசனின் குரல் இறங்கிற்று.

“சரிம்மா. பதினொன்னுதானே? எடுத்துக்கோ. உன் தம்பி இங்கியே விருந்து வெக்கட்டும். அத மட்டும் தூக்கிடு.”

அலெக்ஸ் வேறு மண்டபங்களையும் கேட்டுச் சலித்திருந்தான். ஆம் என்று ஒரு சொல் சொன்னால் அவன் அலைச்சல் தீரும்.

“அப்புறம் அந்தத் தெருக் கேள்விய வெப்பீங்களா?”

“அது எங்க சமாச்சாரம்.”

“அப்ப இது என் சமாச்சாரம். தேதி தர்றேன், எழுதினதத் தூக்குன்னு சொன்னீங்க இல்ல, அதையும் கீழ எழுதிடறேன்.”

அவள் பையை எடுத்துக்கொண்டு, எழுதியவாறே படியிறங்கினாள். துரைக்கண்ணு பாய்ந்து சென்று கணினியின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினார். திரை இருண்டது.

“போடீ! இப்ப ஓட்டு பாக்கலாம்!” என்று வாசலை நோக்கிக் கத்தினார்.

சீனுவாசனின் உள்ளங்கையிலிருந்த கைப்பேசியில் அவள் பெயர் இரண்டாம் முறையாக ஓடத் தொடங்கியிருந்தது.