சுபாஸ்கரனின் மடக்குக் கத்தி

மொன்றியலில் நான் வேலைசெய்யும் தையல் பக்டரியில், துணிக்கட்டுகளை எங்கள் மேசைகளுக்குக் கொண்டுவந்து கயிற்றை வெட்டிக் கொடுப்பது சுபாஸ்கரனின் வேலை. ஒவ்வொரு தரமும் மடக்குக் கத்தியை எடுத்து, நகத்தால் கிளப்பி, இரண்டு கையாலும் மெல்ல மெல்ல விரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உது என்ன பூவே, இப்பிடி விரிக்கிறதுக்கு? கெதியா வெட்டுங்கோ!"

2001 இலிருந்து மூன்று வருசம் ஏசினேன். அவர் பதில் சொன்னதுமில்லை, கெதியாகத் திறந்ததுமில்லை.

போன மாசம் அவர் ரொறொன்ரோவுக்குப் போய்விட்டார். வேலை முடிந்து கோட்-டெ-நெய்ஜில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பக்கத்து மேசைக் கௌசியிடம், "அப்பாடா, அந்த ஆமை போயிட்டுது" என்றேன்.

"ஆர், சுபாஸ்கரனோ?" கௌசி சிரித்தாள். "எங்கட மேசையில ஒற்றைக் கையால டக்கெண்டு திறந்து, வெட்டிப்போட்டுப் பறந்திடுவார். அந்தக் கத்தியை நான் வடிவாக் கண்டதேயில்லை."



இன்றைக்கு, சுபாஸ்கரனின் இடத்துக்குப் புதிதாக வந்தவன் என் மேசையில் டக்கென்று கத்தியை விரித்தான்.

"கொஞ்சம் மெல்லமாத் திறவுங்கோவன்" என்றேன்.

அதற்குள் அவன் கயிற்றை வெட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டான்.