லிட்டருக்கு எட்டு

ராணுவம் கழித்துப்போட்ட ஜோங்கா ஜீப்பை ஏலத்தில் எடுத்து வந்த நாளிலிருந்து, வாணியம்பாடியில் ஜான் பாஷாவைப் பார்த்தவர்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: "எவ்ளோ குடுக்குது பாய்?" சலாமுக்கு முன்னாலேயே அது வந்துவிடும். தோல் வியாபாரிகள் அப்படித்தான். ஜான் பாஷா முதல் நாளே "எட்டு" என்று சொல்லிவிட்டார். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்கூடத் தராது என்பது அவருக்கும் டிரைவர் தேவசகாயத்துக்கும் மட்டுமே தெரியும். யானையைக் கட்டித் தீனி போடுகிறான் என்று ஊர் சிரித்தால் அவரால் தாங்க முடியாது.

அவர் மனைவி பில்கிஸும் அந்த எட்டை நம்பினாள். வினை அங்கேதான் பிடித்தது. ஒருநாள் அவர்களுடைய தோல் டேனரி வாசலில், ஆட்கள் பார்க்க, "போட்ற பெட்ரோல்ல பாதி எங்க போவுது?" என்று தேவசகாயத்தைக் கேட்டுவிட்டாள். தேவசகாயம் முதலாளியைப் பார்த்தார். முதலாளி காயப்போட்டிருந்த தோலைப் பார்த்தார். முதலாளியின் மானத்தைத் தன் மானத்துக்கு மேலாக நினைக்கிற அந்தப் பைத்தியக்கார மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

அந்தப் பழி பஸ் ஏறி ஒடுகத்தூருக்கும் போய்ச் சேர்ந்தது. தேவசகாயத்தின் மகள் கெசியாவைப் பெண் கேட்டிருந்தது அந்த ஊரில்தான். மாப்பிள்ளையின் அப்பா எலியாஸ், வேலை கொடுத்தவரிடமே விசாரித்துவிடலாம் என்று ஒரு மத்தியானம் டேனரிக்கு வந்து உட்கார்ந்தார். வைத்த டீயைத் தொடவில்லை.

"கேள்விப்பட்டது நெஜமா பாய்? கை சுத்தமில்லாத வீட்ல பொண்ணு எடுக்க மனசு வர்ல."

ஜான் பாஷாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து ஜன்னலருகே போனார். வெளியே தேவசகாயம் ஜீப்பைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணின் கல்யாணம் தன் வாயில் நிற்கிறது. ஜான் பாஷா திரும்பினார்.

"அவர் சுத்தமான மனுஷன். வண்டி நாலுகூடக் குடுக்காது. நான்தான் எட்டுன்னு பொய் சொன்னேன்."

எலியாஸ் மெல்லச் சிரித்தார். "ஒங்களுக்குப் பெரிய மனசு பாய். வேலக்காரரக் காப்பாத்தணும்னு பழிய நீங்களே ஏத்துக்கிறீங்க. எட்டு குடுக்குதுன்னு ஊருக்கே தெரியும்." கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

பொய்யைத் தலையில் வைத்துக் கொண்டாடிய ஊர், உண்மையைச் சீந்தவில்லை. ஜான் பாஷாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தன்மேல்தான் அவருக்குக் கோபம்.

"நில்லுங்க. வண்டில ஏறுங்க."

டேங்கில் ட்யூபை விட்டு, தானே வாயில் வைத்து உறிஞ்சினார். பெட்ரோல் நாக்கில் பட்டது. துப்பிவிட்டு, டேங்க் வறளும்வரை கேனில் இறக்கினார். "வேணா பாய், ஊரு சிரிக்கும்" என்று தேவசகாயம் கெஞ்சினார். ஜான் பாஷா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நிறைய பெட்ரோல் அளந்து எலியாஸ் கையாலேயே ஊற்றவைத்தார். எலியாஸைப் பக்கத்திலும் தேவசகாயத்தைப் பின்னாலும் உட்கார வைத்து, டேனரி வாசலில் இருந்த கிலோமீட்டர் கல்லிலிருந்து டவுனைப் பார்த்து விட்டார் ஜீப்பை.

இத்தனை நாள் இன்னும் கொஞ்சம் ஓடாதா என்று ஏங்கியவர், இன்று எப்போது நிற்கும் என்று தவித்தார். ஒரு கல் போனது. இரண்டு போனது. மூன்றாவதும் போன பிறகும் வண்டி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. என்றுமில்லாத திருநாளாக இன்றைக்குப் பார்த்து எட்டுக் கொடுத்துத் தொலைத்தால்?

கொடுக்கவில்லை. நாலாவது கல் கண்ணுக்குத் தெரியும்போது ஜீப் இருமியது, குலுங்கியது, நின்றது. தோல் வியாபாரிகள் கூடும் டீக்கடை நேர் எதிரே. எல்லாத் தலைகளும் திரும்பின.

ஜான் பாஷா கீழே இறங்கினார். "லிட்டருக்கு நாலுகூட இல்ல" என்றார் கடையைப் பார்த்து. "டிரைவர் ஒரு சொட்டு எடுக்கல. எட்டுன்னு நான் சொன்னது பொய்."

ஒருவர் சிரிக்க, கடையே சிரித்தது. அவருக்குக் காது எரிந்தது. ஆனாலும் அங்கேயே நின்றார்.

எலியாஸ் தாண்டி வந்த கல்லைத் திரும்பிப் பார்த்தார். எதிரே இருந்த கல்லைப் பார்த்தார். பிறகு இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார். பின்சீட்டில் தேவசகாயம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"எறங்குங்க சம்பந்தி. ரெண்டு பேருமா தள்ளுவோம்."