தட்டில் இருந்த பஞ்சு

இரண்டாவது மாடியின் சுவர் பாதி விழுந்து பாதி நின்றுகொண்டிருந்தபோது அவருடைய சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவர் அதைச் சட்டை செய்யவில்லை. ஓங்கியதை அடித்து முடித்துவிட்டுத்தான் மற்ற வேலை என்பது அவருடைய வழக்கம். சம்மட்டி இறங்கியது. சுவர் ஒரு முனகலோடு அப்படியே உட்கார்ந்தது. செங்கல் தூள் எழும்பி கண்ணையும் மூக்கையும் அடைத்தது. அது அடங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனை எடுத்தார். மகள் படிக்கும் கல்லூரியிலிருந்து ஒரு பெண்குரல்.

"உங்க பொண்ணு விஷயமா பிரின்சிபால் பேசணும்னாரு. உடனே வாங்க. போன்ல சொல்ற மாதிரி விஷயம் இல்ல."

கட்டடம் இடிக்கிறவர்கள் மத்தியில் அவருக்குச் சம்மட்டி என்றே பெயர். தொழிலை வைத்து வந்த பெயரா, குணத்தை வைத்து வந்த பெயரா என்பதில் இரண்டு கட்சி உண்டு. சாரத்தை ஒழுங்காகக் கட்டாமல் ஓர் ஆளைக் கீழே விழவிட்ட மேஸ்திரியின் தாடையை ஒரே அடியில் திருப்பியவர் அவர். "அண்ணனுக்கு கை ஸ்டார்ட் ஆகி ரெண்டு கிலோமீட்டர் போனப்புறம்தான் மூளை ஸ்டார்ட் ஆகும்" என்று கூட வேலை செய்கிறவர்கள் காதுபடவே சொல்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டில் மட்டும் அந்தப் பேச்சுக்கு யாரும் சிரிப்பதில்லை. மூத்தவன் முதுகில் பெல்ட்டின் வார்த்தழும்போடு வீட்டைவிட்டுப் போனவன். எங்கோ லாரி ஓட்டுகிறான். அப்பா வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவான். அவர் வந்து உட்கார்ந்தால் அந்தப் பேச்சு பாதியில் நின்றுவிடும். அதற்கப்புறம் வீட்டில் நிலவும் மௌனத்தில்தான் அவர் சாப்பிட்டுப் பழகியிருந்தார்.

கைகூடக் கழுவாமல் பஸ் ஏறியவர், வழியில் மனைவிக்குப் போன் செய்தார். விஷயத்தைக் கேட்டதும் அவள் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "எதுவா இருந்தாலும் மொதல்ல காதால கேளுங்க. ஒருத்தன ஏற்கனவே தொலைச்சிட்டோம். இவ மேலயும் கைய வச்சீங்கன்னா அப்படியே எங்கயாவது போயிடுங்க. வீட்டுக்கு வராதீங்க."

"நான் என்ன மிருகமா?" என்றார் அவர். அவள் போனை வைத்துவிட்டாள்.

கல்லூரி வாசலில் ஒருவர் அவருக்காகவே காத்திருந்தது போல வந்து கையை நீட்டினார். நாற்பது வயது இருக்கும். அந்த வெயிலிலும் வெள்ளை முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டு இறுக்கியிருந்தது. "வாங்க ஐயா. நான் இங்க லேப் பாத்துக்கறேன். உங்க பொண்ணு என் ஸ்டூடன்ட்தான். நல்லா படிக்கிற பொண்ணு, கொஞ்சம் பிடிவாதம்."

கையெல்லாம் செங்கல் தூளாக இருக்கிறதே என்று அவர் தயங்கினார். "உழைச்ச கை ஐயா, இதுல என்ன இருக்கு" என்று லேப் சார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பஞ்சு போன்ற உள்ளங்கை. வெள்ளைக் கைப்பட்டியில் சிவப்பாய் ஒரு தீற்றல் ஒட்டிக்கொண்டது. இப்படிப் படித்த ஒருவர் தன்னை ஐயா என்று கூப்பிட்டது அவருக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது. மாடிப்படி ஏறும்போதும், நாற்காலி இழுத்துப் போடும்போதும் அந்த மனிதர் ஐயா, ஐயா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரின்சிபால் மெதுவாகப் பேசுகிறவர். பக்கத்தில் புகார் கமிட்டியின் தலைவியான மேடம் உட்கார்ந்து, மேஜைக் கண்ணாடியில் விழுந்திருந்த மின்விசிறியின் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் பொண்ணு பெத்தவன்தான்" என்று ஆரம்பித்தார் பிரின்சிபால். "காலேஜ் விட்டப்புறம் உங்க பொண்ணு லேப்ல தனியா இருந்திருக்கா. கதவு உள்பக்கமா பூட்டியிருக்கு. இப்ப ஒரு சார் மேல பழி சொல்லி எழுதிக் குடுத்திருக்கா. அவரு குடும்பஸ்தர். ஆனா பசங்க வேற மாதிரி பேசிக்கிறாங்க. அத என் வாயால எப்படிச் சொல்றது? நாளைக்கு வெளிய தெரிஞ்சா யாருக்கு அசிங்கம், சொல்லுங்க."

கொஞ்சம் இடம் விட்டு இடம் விட்டு, வைக்கோல் அடுக்குவது போல அடுக்கினார். அப்பாவின் காதில் முழு வாக்கியம் எதுவும் ஏறவில்லை. தனியா. பூட்டி. பசங்க. அசிங்கம். இந்த நான்கும் உள்ளே போய் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. பின்கழுத்தில் சூடு ஏறுவது தெரிந்தது. தெரிந்த சூடுதான்.

"நீங்களே தனியா பேசிப் பாருங்க. அப்பா சொன்னா கேப்பா" என்றார் பிரின்சிபால்.

பக்கத்து அறை சிறியது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஓர் இரும்பு அலமாரி. ஜன்னல் மூடியிருந்தது. மகள் அலமாரியை ஒட்டி நின்றிருந்தாள். அவர் நுழைந்ததும் கதவை யாரோ வெளியிலிருந்து சாத்தினார்கள்.

"அப்பா, நான் சொல்றத..." என்று அவள் வாயைத் திறந்தாள்.

அவ்வளவுதான். அவருடைய கை போய்விட்டது. சுவர் இடிக்கிற கை. அவள் தலை அலமாரியின் பிடியில் மோதி, அந்தச் சத்தம் சின்ன அறைக்குள் மணி அடித்தது போல நின்றது. அவள் சரிந்து, நாற்காலியைப் பிடித்து, மறுபடி எழுந்து நின்றாள். கீழ் உதடு கிழிந்து ரத்தம் முகவாய் வழியாக இறங்கியது. கன்னத்தில் செங்கல் தூளால் ஐந்து விரலும் அச்சு வைத்தது போல விழுந்திருந்தன. அவர் இன்னொரு அடிக்குக் கையை ஓங்கியபடி நின்றார். அவள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. அழவும் இல்லை. ஓங்கிய கையை, பஸ் நம்பரைப் பார்ப்பது போல நிமிர்ந்து பார்த்தாள்.

"முடிஞ்சுதா?" என்றாள். "இப்ப கதவு தெறக்கும் பாருங்க."

கதவு திறந்தது. ஆயாம்மா ஒரு தட்டோடு உள்ளே வந்தாள். தட்டில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். பக்கத்தில், அழகாய்க் கிள்ளி உருட்டி வைத்த வெள்ளைப் பஞ்சு.

அவர் பஞ்சைப் பார்த்தார். கை மெதுவாக இறங்கியது. ஒரு சுவரில் முதல் விரிசல் எங்கே ஓடுகிறது என்று பார்க்க வேலைக்கு முன் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாரே, அப்படி நின்றார். மகளின் முகவாயிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. பிறகு இன்னொன்று.

"இந்தப் பஞ்சு எதுக்கு?"

ஆயாம்மாவுக்குப் புரியவில்லை. "ரத்தம் வருதுல்ல சார், தொடைக்கத்தான்."

"இப்பத்தான அடிச்சேன். நீ எப்ப பஞ்சு எடுத்த?"

அவள் தட்டை மேஜையில் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாவ வரச் சொன்னா எப்பவும் கொண்டாந்து வைக்கிறதுதான் சார். போன தடவை ஒரு பொண்ணுக்குக் காதுலயே ரத்தம் வந்துடுச்சு. அவங்கப்பா உங்கள விட ஒல்லி" என்றாள். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியிருக்க வேண்டும். யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனாள்.

பிரின்சிபால் உள்ளே வந்தார், பின்னால் மேடம். பிரின்சிபால் கையில் டைப் செய்த ஒரு காகிதம் இருந்தது. பெண்ணின் உதட்டைப் பார்த்த அவர் முகத்தில் அதிர்ச்சி என்று எதுவும் இல்லை. மேடம் மட்டும் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். பிரின்சிபால் காகிதத்தை நீட்டினார். "விடுங்க. பெத்தவங்களுக்குக் கோவம் வர்றது சகஜம். புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்னு இதுல ரெண்டு பேரும் ஒரு கையெழுத்து போட்டுட்டா, நீங்க பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போகலாம். பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும்."

அவர் காகிதத்தைத் தொடவில்லை. மகளைப் பார்த்தார். "என்ன நடந்துச்சு பாப்பா? சொல்லு."

"உங்ககிட்டயா?"

அந்த ஒரு சொல், அவர் வாங்கிய எந்த அடியையும்விட ஆழமாக இறங்கியது. அவள் அவரிடம் சொல்லவும் இல்லை. மேடத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, ஏற்கனவே பல தடவை சொல்லித் தேய்ந்துபோன குரலில் சொன்னாள்.

"பிராக்டிகல் மார்க் பத்திப் பேசணும்னு லேப்ல இருக்கச் சொன்னாரு. கதவைப் பூட்டினது அவரு. வாயப் பொத்தி செவுத்தோட வச்சு அழுத்தினாரு. மூச்சு விட முடியல. மணிக்கட்டுல கடிச்சேன் மேடம். சதை வாய்க்குள்ள வர்ற மாதிரி கடிச்சேன். அப்பத்தான் விட்டாரு. அவரு சட்டையக் கழட்டிப் பாருங்கன்னு சொன்னேன். நீங்க எங்கப்பாவுக்குப் போன் போட்டீங்க."

மேடம் ஜன்னலைப் பார்த்தார். மூடிய ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை.

அப்பாவுக்கு வாசலில் அடித்த அந்த வெயில் ஞாபகம் வந்தது. முழுக்கைச் சட்டை. இறுக்கிப் போட்ட பொத்தான். ஐயா, ஐயா. தன் உள்ளங்கையைப் பார்த்தார். அந்தக் கையோடு குலுக்கிய கை இது. அதே கைதான் அடுத்த அரை மணி நேரத்துக்குள் இவள் முகத்தில் விழுந்தது. அவர் மேஜை மேல் ஓங்கி ஒரு குத்து விட்டார். பலகை நடுவில் பிளந்து வாய் திறந்தது. டம்ளர் உருண்டு உடைந்தது. பிரின்சிபால் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அப்பா கதவை நோக்கிப் பாய்ந்தார். மகள் குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க போறீங்க?"

"அவன அங்கேயே பொதைச்சிட்டு வரேன். தள்ளு."

"பொதைங்க. அப்புறம் இது உங்க கேஸ் ஆயிடும். நான்னு ஒருத்தி இருந்தேன்னே யாருக்கும் ஞாபகம் இருக்காது. இவங்களுக்கு அது இன்னும் வசதி."

"இவங்க என்னைத் தூண்டிவிட்டாங்க பாப்பா. நான்..."

"யாரும் தூண்டல. நீங்க அடிப்பீங்கன்னு தெரிஞ்சு கூப்பிட்டாங்க, அவ்வளவுதான்." மூச்சு வாங்கினாள். "அவன் கடி வாங்கினப்பகூட என்னை அடிக்கலப்பா."

அவர் கதவிலிருந்து ஓர் அடி பின்வாங்கினார். மேஜையைக் குத்திய கையில் விரல்முட்டி பிய்ந்து ரத்தம் வந்தது. வெளியே எங்கோ மணி அடித்து, வகுப்புகள் கலைந்து, நூறு செருப்புகளின் சத்தம் மாடியில் பரவியது.

"முகத்தைத் துடைச்சுக்கம்மா" என்றார் பிரின்சிபால். இப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "இண்டர்வெல் விட்டாச்சு. எல்லாரும் வெளிய நிப்பாங்க. இப்படியேவா போவ?"

"இப்படியேதான் போறேன்."

மேடம் தட்டிலிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீட்டிய பஞ்சு மேடத்தின் கையிலேயே நின்றது.

கதவைத் திறக்கும் முன் அப்பாவைப் பார்த்தாள். "நான் ஸ்டேஷனுக்குப் போறேன். உதட்டைப் பாத்துட்டு மொதல்ல இத யாரு அடிச்சதுன்னுதான் கேப்பாங்க."

"நான்தான்னு சொல்றேன்."

"எங்க வச்சு, எப்படி, பஞ்சு, எல்லாம் சொல்லணும்."

"சொல்றேன்."

"உள்ள போட்டாலும் போடுவாங்க."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"வர்றதுன்னா வாங்க. கைய கட்டிக்கிட்டு வாங்க. பக்கத்துல வராதீங்க."

வராந்தாவில் தண்ணீர்க் குழாய் அருகே லேப் சார் நின்றிருந்தார். "என்ன ஐயா, பேசியாச்சா?" என்று சிரித்தபடி திரும்பியவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். அவருடைய இடது கை தானாகப் போய் வலது கைப்பட்டியை இழுத்துவிட்டது. அந்த வெள்ளைத் துணியில் வாசலில் கை குலுக்கியபோது ஒட்டிய சிவப்புத் தீற்றல் அப்படியே இருந்தது.

அப்பா நின்றார். ஒரு கை நீள தூரம்தான். எந்த இடத்தில் அடித்தால் அந்த மணிக்கட்டு இரண்டாகும், அது எப்படிச் சத்தம் போடும் என்றுகூட அவருடைய கைக்குத் தெரிந்திருந்தது. கை எழும்பியது.

"அப்பா" என்றாள் மகள், திரும்பிப் பார்க்காமலே.

அவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு திருடனைப் பிடித்துக்கொண்டு போவது போல, எலும்பு வலிக்க இறுக்கிப் பிடித்தார். பிடிக்குள் அது துள்ளிக்கொண்டே இருந்தது.

அவள் படியிறங்கி முற்றத்து வெயிலுக்கு வந்தாள். கூட்டமாய் நின்றிருந்த பெண்களும் பையன்களும் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள். யாரோ ஒரு பெண் "ஏய், என்னடி ஆச்சு?" என்று கேட்டாள். அவள் நிற்கவில்லை. ரத்தம் கழுத்துவரை இறங்கிக் காலரை நனைத்திருந்தது. கன்னத்தில் ஐந்து விரலும் செங்கல் சிவப்பில், எண்ணிவிடலாம் போலத் தெளிவாக இருந்தன. பத்தடி பின்னால், கைகளை முதுகில் பூட்டிக்கொண்டு, தலை குனிந்து அவர் நடந்தார். எல்லாருடைய கண்ணும் அந்தக் கன்னத்தைப் பார்த்துவிட்டு, பிறகு மெல்ல அவருடைய கைகளைத் தேடி வந்தன.