மூன்று படகுகளும் ஒரே கரையில்

ஸ்கியெரி ஏரியைக் கடக்க மூன்று துடுப்புப் படகுகள் உண்டு. இரு கரையிலும் எப்போதும் ஒரு படகாவது நிற்க வேண்டும் என்பது மலையின் சட்டம். நம் கரையில் ஒன்றுதான் இருக்கிறதென்றால், அதில் அக்கரை போய், இன்னொன்றைக் கட்டி இழுத்து வந்து விட்டுவிட்டு, மறுபடி கடக்க வேண்டும். மூன்று முறை. வருகிறவர்களுக்கெல்லாம் இதை ஓதுவது மலைக்குடிலைப் பார்த்துக்கொள்ளும் என் வேலை.

செப்டம்பர் கடைசியில், மாவும் காபித்தூளும் வாங்கிக்கொண்டு திரும்பிய அன்று, குடிலுக்கு எதிரே கிழக்குக் கரையில் ஒரே படகு. எனக்குத் தோள் விட்டுப்போயிருந்தது. பருவம் முடிந்துவிட்டது, இனி யார் வரப்போகிறார்கள்? ஒரே முறை கடந்து வந்து படுத்துவிட்டேன்.

மறுநாள் மதியம் என் கணவர் எய்னார் தொலைநோக்கியை நீட்டினார்.

"குன்வோர், அக்கரையில ஒரு சிவப்புத் தொப்பி. உங்க அக்கா மாதிரியே இடுப்புல கை வச்சு மொறைக்குது பாரு."

அக்காவேதான். சிக்பிரித். அம்மா செத்ததிலிருந்து பதினோரு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை.

படகுக்கு ஓடினேன். பனியாற்றிலிருந்து இறங்கிய காற்றில் ஏரி சாம்பல் நிறமாகக் கொந்தளித்தது. எய்னார் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"செத்துடுவ. அங்க ஒதுங்கக் கொட்டகை இருக்குல்ல? காலைல போ."

விடியும்போது காற்று அடங்கியது. இன்னொரு படகையும் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். அக்கா மூட்டையைத் தோளில் மாட்டி நின்றிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"மூணும் உங்கிட்டயா?"

"கையெல்லாம் வலிச்சுது அக்கா. அதான்..."

"அம்மா படுக்கையில கெடந்தப்பவும் இதையேதான் சொன்ன. களைப்பா இருக்கு, அடுத்த வாரம் வரேன்னு."

"தப்புதான். ஏறு. அடுப்புல மான்கறி சூப்பு இருக்கு."

"ரெண்டு நாள் நடந்து வந்தேன்டி. போகட்டும், மன்னிச்சிடலாம்னு. இருட்டுற வரைக்கும் உன் கரையத்தான் பாத்துட்டு உக்காந்திருந்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. எத்தன தடவ எண்ணினாலும் மூணு."

நான் இறங்கக் காலைத் தூக்கினேன்.

"எறங்காத."

இழுத்து வந்த படகின் கயிற்றை அவிழ்த்துக் கரைக்கல்லில் கட்டினாள். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு என் படகை ஏரிக்குள் தள்ளிவிட்டாள். காலால்.