நாலாவது உருண்டை

படகிலிருந்து நந்தினி இறங்கியபோது அவள் இடுப்பில் ஒரு மாங்காய் மூட்டை இருந்தது. பட்டப்பகல். நான் துறையில் உட்கார்ந்து இறால் கூடைக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தேன். குப்பத்துப் பெண்களில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். நண்டு விலையில் ஆரம்பித்து யார் வீட்டு மருமகள் யாரோடு பேசவில்லை என்பது வரைக்கும் ஊர்க்கதை ஓடிக்கொண்டிருந்தது. மூட்டையைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோனது. நந்தினி யாரையும் பார்க்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் காலை ஊன்றி, வீட்டைப் பார்த்து நடந்தாள். மூட்டையின் வாயைச் சரியாகக் கட்டவில்லை போலிருக்கிறது, ஒரு மாங்காய் உருண்டு விழுந்தது. யாரும் குனிந்து எடுத்துக் கொடுக்கவில்லை. நானும்தான்.

"கோவிந்தம்மா, உன் தம்பி பொண்டாட்டிக்கு இன்னா ஆச்சு?" என்று ஹேமாவதி மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணும் ஆவல. நீ உன் நண்டப் பாரு" என்றேன். சொல்லும்போதே எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

எங்கள் குப்பத்துக்கு ஏரியைத் தாண்டிப் படகில்தான் வர வேண்டும். பழவேற்காட்டு பஜாரில் யார் எதை வாங்கினாலும் அது வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். நந்தினிக்கும் அது தெரியும். தெரிந்துதான் வாங்கி வந்தாள். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் ஊறுகாய் போடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். துக்கத்தோடு போட்டால் ஜாடி கெட்டுப்போகும் என்பார்கள். வருஷம் திரும்பும்வரை அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து கிண்ணம் கிண்ணமாக வரும், அதைத்தான் தொட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் துறையிலிருந்து வீடுவரை நடந்தது ஊருக்குச் சொன்ன பதில். எங்கள் வீட்டில் சாவு விழவில்லை, என் புருஷன் உயிரோடு இருக்கிறான், உங்கள் வேலையைப் பாருங்கள் என்ற பதில்.

அவள் புருஷன் என் தம்பி இளவழகன். அம்மா போன பிறகு நான்தான் அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தேன். மார்கழியில் கூட்டாளி பூபதியோடு கடலுக்குப் போனான், திரும்பி வரும்போது முகத்துவாரத்தில் அலை படகைப் புரட்டிவிட்டது. பூபதி டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு கரை ஏறினான். தம்பி தலை ஒரு தடவை மேலே வந்ததாகவும் அப்புறம் வரவில்லை என்றும் சொன்னான். படகு கிடைத்தது. வலைகூடக் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. வடக்கே ஆந்திரா பக்கம் எந்தக் கரையில் பிணம் ஒதுங்கினாலும் எங்களைப் பெற்ற நைனா கோதண்டம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வந்து கால் கழுவிவிட்டு வலைக்குவியல் மேல் படுத்துக்கொள்வார். ஒவ்வொன்றும் வேறு யாரோ பெற்ற பிள்ளை.

இப்போது வைகாசி பிறந்துவிட்டது. உடம்பு இல்லாவிட்டால் என்ன, உடுத்திய சட்டையை வைத்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். நைனா தலையை ஆட்டினார். வரும் வெள்ளிக்கிழமை என்று முடிவானது. முடிவாக வேண்டும் என்று அலைந்தவள் நான்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? என் தம்பி பசி தாங்க மாட்டான். சின்ன வயதிலேயே அப்படித்தான், சோறு வடிப்பதற்குள் தட்டைத் தட்டிக்கொண்டு உட்காருவான். அவனுக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் இத்தனை மாதம் அலைய விட்டிருக்கிறோமே என்று நான் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் தோன்றும். நந்தினிக்கு வேறு கவலை. பிள்ளை இல்லை. காரியம் முடிந்தால் சுண்ணாம்புக்குளத்திலிருந்து அவளுடைய நைனா வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதோடு இந்த வீட்டில் அவனும் இல்லை, அவளும் இல்லை.

மறுநாள் காலையில் நான் சண்டை போடத்தான் போனேன். நைனா வழக்கம்போல வாசலில் வலைக்குவியல் மேல் படுத்திருந்தார். உள்ளே நந்தினி தரையில் உட்கார்ந்து மாங்காயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரம் ஒரு சொட்டு இருந்தாலும் பூஞ்சை பிடிக்கும் என்பதால் ஒவ்வொன்றையும் குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோலத் துவட்டினாள். துடைத்த துணி தம்பியின் நீலக் கட்டம் போட்ட லுங்கி.

"இன்னாடி பண்ற?"

"பாத்தா தெரில? ஊறுகா போடறேன்."

"ஊரு சிரிக்குது."

"சிரிக்கட்டும். அவரு வந்து சோத்துல கை வெச்சிக்கினு ஊறுகா எங்கன்னு கேட்டா ஊரா அண்ணி பதில் சொல்லும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஊறுகாய்க்கு என்று தனியாக ஒரு மணை உண்டு, மீன் அரிகிற மணையை அதற்குத் தொட மாட்டோம். கொட்டையோடு வெட்டுகிற மாங்காய். அலகின் மேல் வைத்து மரக்கட்டையால் ஒரே போடாகப் போட வேண்டும். அவளுக்கு அது வராது. முதல் மாங்காய் வழுக்கி ஓடியது. இரண்டாவதில் அலகு விரலோரம் கீறி ரத்தம் எட்டிப் பார்த்தது. அவள் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு மூன்றாவதை எடுத்தாள். விட்டால் விரலையே எடுத்துக்கொள்வாள் போலிருந்தது.

"தள்ளு, சனியனே" என்று நான் உட்கார்ந்தேன்.

அப்படித்தான் சண்டைக்குப் போனவள் மாங்காய் வெட்டினேன். நான் வெட்ட வெட்ட அவள் கொட்டைக்குள்ளிருந்த பருப்பை எடுத்துப் பின்வாசல் வழியாக வெளியே எறிந்துவிட்டு, ஓட்டில் ஒட்டிய மெல்லிய தோலை உரித்தாள். அடுக்களையில் சோறு கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் போன வருஷம் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. வெட்டுவது நான், துடைப்பது அவள், கலப்பது தம்பி. கல்யாணமான வருஷம் நந்தினி கலந்த ஊறுகாய் பூஞ்சை பிடித்துவிட்டது. அவள் அழுதுகொண்டு நின்றபோது, "உன் கை ராசி அவ்ளோதான். இது உப்புலயே ஊறுன கை, இந்தக் கைபட்டா கெடாது" என்று அவன் கையை நீட்டிக் காட்டினான். அன்றிலிருந்து கலப்பது அவன் வேலை. கயிறு அறுத்த கையில் மிளகாய்ப்பொடி பட்டதும் "ஐயோ அக்கா, ஐயோ அக்கா" என்று குதிப்பான். பாதி வலி, பாதி வேஷம். நாங்கள் சிரிப்பதற்காகவே குதிப்பான்.

எல்லாம் தயாரானது. பெரிய பேசினில் மாங்காய்த் துண்டுகள், மேலே மிளகாய்ப்பொடி, கடுகுப்பொடி, பொடித்த கல்லுப்பு. நந்தினி நல்லெண்ணெயை ஊற்றினாள். பிறகு ஒரு பலகையைக் கொண்டுவந்து பேசினுக்கு முன்னால் போட்டாள். போட்டுவிட்டுச் சுவரோரம் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"கலக்குடி" என்றேன்.

"இருக்கட்டும்."

"எண்ண ஊத்திட்டு இருக்கட்டும்னா?"

"அவரு கலக்கட்டும் அண்ணி. எப்பவும் அவருதான கலக்குவாரு."

நான் அந்தப் பலகையைப் பார்த்தேன். அதில் ஆள் உட்கார்ந்திருப்பதுபோலவே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்தேன். அப்புறம் எனக்குள் என்னவோ அறுந்துபோனது.

"எந்தக் கைடி வந்து கலக்கும்? அந்தக் கைய மீனு தின்னு எத்தினி மாசம் ஆவுது!"

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே கேட்டது. வாசலில் நைனா எழுந்து உட்கார்ந்த சத்தம் வந்தது. அவர் உள்ளே வரவில்லை. நந்தினி அழவில்லை. அழுதிருந்தால் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பேன். அவள் எழுந்து வந்து, பலகையைக் காலால் ஒதுக்கிவிட்டு, வெறுந்தரையில் உட்கார்ந்து கையை உள்ளே விட்டாள். கீறிய விரலோடு முழங்கைவரை விட்டாள். எரிந்திருக்கும். அவள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அடியிலிருந்து மேலாக, மேலிருந்து அடியாக, அவன் கலப்பது போலவே நிதானமாகக் கலந்தாள். நானும் அவளும் சேர்ந்து ஜாடியில் நிரப்பி, துணியால் வாயைக் கட்டினோம்.

ஊறுகாய் கலந்த பேசினை எங்கள் பக்கம் அப்படியே கழுவ மாட்டார்கள். ஒட்டியிருக்கும் பொடியிலும் எண்ணெயிலும் சுடுசோற்றைக் கொட்டிப் பிசைந்து, உருண்டை பிடித்து, வீட்டில் உள்ளவர்கள் கையில் கொடுப்பார்கள். ஊறுகாய் போடுகிற நாளின் திருவிழாவே அதுதான். அதுவும் தம்பி வேலைதான். முதல் உருண்டை எனக்கு. "வளத்தவளுக்கு மொதல்ல, பெத்தவருக்கு அப்புறம்" என்பான். நைனா முறைப்பார்.

நந்தினி சோற்றைக் கொட்டிப் பிசைந்தாள். ஓர் உருண்டையை என் கையில் வைத்தாள். ஒன்றை வாசலுக்குக் கொண்டுபோய் "மாமா" என்று கொடுத்தாள். திரும்பி வந்து ஒன்றைத் தானே வாயில் போட்டுக்கொண்டாள். பேசினில் இன்னும் சோறு இருந்தது. அதை வழித்து நாலாவதாக ஓர் உருண்டை பிடித்தாள். எல்லாவற்றையும்விடப் பெரியது, அவனுக்குப் பிடிக்கிற அளவு. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, நீங்க சொல்றது மெய்தானா?"

நான் தலை குனிந்துகொண்டேன்.

"அவருக்கு இத்த விட்டுட்டு இருக்க முடியாது. உங்களுக்கே தெரியும். போயிருந்தார்னா இதுக்கு வராம இருப்பாரா?" அவள் எழுந்தாள். "வெளிய வெக்கறேன். வந்து தின்னார்னா வெள்ளிக்கெழம அவரு சட்டய நானே எடுத்துக் குடுக்கறேன். எங்க நைனாவுக்கும் நானே போன் பண்றேன். வரலன்னா, இனிமே ஒருத்தரும் எங்கிட்ட வந்து காரியம்னு பேசக்கூடாது."

வீட்டுக்குப் பின்னால் தட்டி வேலிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஐஸ் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் வாழையிலைத் துண்டைப் போட்டு உருண்டையை வைத்தாள். நான் அவள் பின்னாலேயே போய் நின்றேன். நைனாவும் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கையில் உருண்டை கடிபடாமல் அப்படியே இருந்தது. நந்தினி கழுவாத சிவந்த கையோடு வானத்தைப் பார்த்து, "கா... கா..." என்று கூப்பிட்டாள். முதல் தடவை குரல் வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது. புருஷனைச் சாப்பிடக் கூப்பிடும்போது வருமே, அந்தக் குரல்.

ஒன்றும் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். படகுகள் கரை சேர்கிற நேரம் அது. குப்பத்துக் காக்கை அத்தனையும் துறையில் இருக்கும். வலையிலிருந்து உதிர்கிற பொடிமீனையும் இறால் தலையையும் விட்டுவிட்டு மிளகாய்ச் சோற்றுக்கு எந்தக் காக்கை வரும்? அவள் பிறந்ததும் ஏரிக்கரைதான், அவளுக்கும் இது தெரியாமல் இருக்காது. நான் சொல்லவில்லை. நைனாவும் சொல்லவில்லை. அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்து இலையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தது.

கடைசியில் அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். இத்தனை மாதத்தில் அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்க்கவில்லை.

"வரல பாத்தீங்களா அண்ணி? மாமா, பாத்தீங்களா, வரல. அவரு உசுரோட கீறாரு. எங்கியோ கீறாரு."

அவளுக்குப் பின்னால், தட்டி வேலியின் மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. ஒற்றைக் காக்கை. கத்தவில்லை. தலையைச் சாய்த்து ஐஸ் பெட்டியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு வேலியிலிருந்து பெட்டியின் விளிம்புக்குத் தாவி இறங்கியது. நைனா அதைப் பார்த்துவிட்டார், அவருக்கு வாய் கோணியது. நந்தினி இன்னும் திரும்பவில்லை. ஈரக் கண்ணோடு என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

என் தம்பி பசி தாங்க மாட்டான். காலடியில் காலையில் அவள் எறிந்த மாங்கொட்டைப் பருப்புகள் கிடந்தன. ஒன்றைப் பொறுக்கி, காக்கையைப் பார்த்துக் கையை ஓங்கினேன்.