ஏழாம் பாத்தியின் சூடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை நான் திருடியது. சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் தே குடிக்கும்போது என் தோழி ஹஸீனா சொன்னாள். புக்கிட் மேராவில், ஒரு கார்நிறுத்துமிடத்தின் மேல்தளத் தோட்டத்தில் மண்ணைச் சோதிப்பது அவள் வேலை. மீட்டரின் கம்பியை மண்ணில் குத்தினால், அது எவ்வளவு மின்சாரம் கடத்துகிறதென்று தெரியும். உரம் போட்டால் உப்பு கூடி எண் ஏறும். மண் சூடானாலும் ஏறும், டிகிரிக்கு இரண்டு விழுக்காடு போல. அதனால் மீட்டர் சூட்டின் பங்கைக் கழித்து, எதையும் 25 டிகிரிக்குத் திருத்தித்தான் காட்டும்.

உரமே போடாத ஏழாம் பாத்தியில் எண் வாராவாரம் ஏறுகிறதாம். அவள் சொன்னது அவ்வளவுதான், மிச்சம் என் கைவரிசை.

2

அந்த மண் மூச்சு விட்ட

(சீ, மலிவு.)

பிலோமினம்மாள் தன் கணவரை இழந்து

(என்ன இழந்து? நேராகச் சொன்னால் என்ன?)

இயேசுதாசன் செத்துப்போனார். எரித்த சாம்பலைப் பிரிக்கக் கூடாது, ஆலயத்து அஸ்தி மாடத்தில் வையுங்கள் என்றார் பங்குச் சாமியார். பிலோமினம்மாள் பாதியைத்தான் வைத்தார். மீதியை வாரம் ஒரு கரண்டியாக ஏழாம் பாத்தியில் கலந்தார். சாம்பலிலும் உப்பு உண்டு. கீரை கருகியது, எண் 4.1 ஆனது.

நான்கைத் தாண்டினால் மண்ணை வாரிக் குப்பையில் கொட்டிவிடுவார்கள்.*

* இந்த விதி நான் இட்டுக்கட்டியது. கதைக்கு ஆபத்து வேண்டுமே.

3

எழுதியதை ஹஸீனாவுக்குப் போனில் வாசித்தேன். சாம்பல் வந்ததும் இடைமறித்தாள்.

"அக்கா, இத யாரு சொன்னா? ஏழாம் பாத்திக்கார அம்மா எனக்கே இன்னைக்குக் காலையிலதான் சொன்னாங்க."

எண்ணும் அதேதானாம், விதியும் அதேதானாம். அந்த அம்மாவின் பெயரைக் கேட்கவில்லை, பயம்.

காலையில் நல்ல மழையாம். மற்றப் பாத்திகளில் மண் 26 டிகிரி, ஏழில் 37. வேறு மீட்டரால் குத்தியும் 37. அந்த அம்மா உள்ளங்கையை மண்மேல் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"காய்ச்சல் இல்ல. நல்லாத்தான் இருக்காரு. அள்ளிப் போட்டுடாதம்மா."

ஹஸீனா அழுதுவிட்டாள். "நாளைக்கு ரிப்போர்ட் குடுக்கணும் லா. நீங்க எழுதுறதுதானே நடக்குது. என்ன நம்பர் போடட்டும்?"

4

முடிவு ஒன்று: 4.1. ஆட்கள் வருகிறார்கள், மண்வெட்டி முதல் வெட்டிலேயே

(என்னால் முடியாது.)

முடிவு இரண்டு: 3.9. பொய்தான். மண் அங்கேயே இருக்கும், சாம்பல் கரண்டியும் வரும். அடுத்த வாரம் சூடு 38, அதற்கடுத்த வாரம்

(இதுவும் வேண்டாம். காய்ச்சல் கண்டால் யாரைக் கூப்பிடுவது?)

எந்த எண்ணையும் நான் எழுதப்போவதில்லை. பென்சில் உங்களிடம் இருக்கும். சீக்கிரம் போடுங்கள், அந்த அம்மா இன்னும் கையை எடுக்கவில்லை.

ஏழாம் பாத்தி: ______